பதினோரு தேய்ப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஆந்தையின் டியூப்புக்கும் பதினோரு தேய்ப்பு ஆனது.

நான் எண்ணுவது யாருக்கும் தெரியாது. வாய் சும்மா இருக்கிறவர்களுக்கு மனசு எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும் போல. ஒவ்வொரு விலங்கின் கிருமியையும் லேப்பில் ஒரு கண்ணாடி டியூப்பில் வளர்ப்பார்கள், கழுவுவது நான். பிரஷ்ஷை டியூப்புக்குள் விட்டு ஒரு திருகு திருகி இழுத்தால் ஒன்று. சாதாரணமாக இரண்டு மூன்று போதும். கறை கூடுதலாக இருந்தால் ஐந்து. போன மாதம் வரை ஒவ்வொரு விலங்குக்கும் ஒவ்வொரு கணக்கு இருந்தது. இப்போது நரிக்குப் பதினொன்று, வௌவாலுக்குப் பதினொன்று, ஆந்தைக்கும் அதே. எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் ஒரே ஊதா வளையம். பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி ஒரு பிடிவாதம்.

ஆந்தையும் நரியும் எந்தக் காலத்தில் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டன?

ஜூன் 4, புதன்

முள்ளம்பன்றி: பதினொன்று. தோள் வலிக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

இன்று ஊதா அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார்.

இது அடிபட்ட காட்டு விலங்குகளுக்கான ஆஸ்பத்திரி. பின்பக்கம் ஒரு சின்ன லேப். அங்கே ஆராய்ச்சி செய்கிறவர் அக்கா. சாயம் பட்டுப் பட்டு பத்து விரல் நுனியும் ஊதா. அதனால் எல்லாருக்கும் ஊதா அக்கா. நான் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். ஐந்து மாதம் ஆகிறது. பத்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து படுத்தேன். எழுந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. என்னைவிடச் சின்னவர்களோடு உட்கார வெட்கப்பட்டுப் போகவில்லை. என் படிப்புக் கதை அவ்வளவுதான்.

அக்கா ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க பாரு. தட்டு பூரா கிருமி முளைச்சிருக்கு. இந்தக் காகிதப் பொட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆன்டிபயாடிக் மருந்து தோய்ச்சிருக்கு. கிருமி மருந்துக்குப் பயந்தா பொட்டைச் சுத்தி வெத்து இடம் விழும். இதுல விழுந்திருக்கா?"

எங்கே விழுந்தது? நாலு பொட்டின் விளிம்பு வரை கிருமி வந்து சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"ஆறு மருந்துல நாலுக்கு 'போடா'ன்னுடுச்சு. அது மட்டுமில்ல. டியூப்புல வளர்த்தா சும்மா மிதக்காது. கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, கோந்து மாதிரி ஒண்ணைக் கக்கி, அதுக்குள்ள கூட்டுக் குடித்தனம் பண்ணும். அந்தப் படலத்துக்குள்ள மருந்து லேசுல நுழையாது. நான் ஊத்துற சாயம் அந்தப் படலத்துலதான் பிடிக்குது. நீ தினமும் மல்லுக்கட்டுறியே, அது அவங்க வீடு."

ஆக, நான் வீடு இடிக்கிறவள். பெரிய குக்கரில் வெந்து கிருமி எல்லாம் செத்த பிறகுதான் டியூப் என் கைக்கு வரும். ஆள் போனாலும் வீடு அசையாது என்கிறது.

"பத்தொன்பது விலங்கு! எல்லாத்துலயும் ஒரே முரடன். நாம தின்னு தீர்க்கிற மருந்தோட பலன் காடு வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம்" என்றார் அக்கா. இருபத்தைந்தாம் தேதி ஒரு பெரிய கூட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறார். சந்தோஷத்தில் சாய பாட்டிலை மூடாமலே எழுந்தார். நான் மூடினேன்.

ஓட்டுநர் அண்ணன் வாசலில் நின்று, "என்ன மியூட்டு, பாடமெல்லாம் நடக்குது? இன்னைக்காவது வால்யூம் வைப்பியா?" என்றார். வேன் ஓட்டி விலங்குகளைக் கொண்டுவருவதும், பஞ்சுக் குச்சியை நனைத்து மூக்கிலும் புண்ணிலும் ஒற்றி எடுத்து வருவதும் அவர்தான். நரியையே அடக்குகிறவர், என்னைப் பேசவைக்க முடியவில்லை என்று வருத்தம் அவருக்கு.

பதினொன்றைப் பற்றி அக்காவிடம் சொல்ல நினைத்தேன். தேய்க்கிறவள் கணக்கெல்லாம் ஒரு கணக்கா என்று இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

நீர்நாய்க் குட்டிகளின் டியூப் வந்தது. இரண்டு டியூப், இரண்டுக்கும் பதினொன்று.

அந்த இரண்டும் அம்மா வலையில் சிக்கிச் செத்தபின் இங்கே வந்தவை. உள்ளங்கை அளவு இருந்தன, இப்போது தொட்டித் தண்ணீரில் ஒன்றை ஒன்று முக்கி எடுக்கின்றன. இருபத்தேழாம் தேதி ஆற்றில் விடுவதாக இருந்தது. பெரிய டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி கிடையாது.

"இப்படி ஒரு கிருமியோட ஆத்துல விட முடியாது. அங்க இருக்கிற நீர்நாய்க்கெல்லாம் பரவும். கிருமி போகலைன்னா, இதுங்களைக் கூண்டுலயே வச்சுக்க வேண்டியதுதான்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்றார் ஓட்டுநர் அண்ணன்.

"நாளா? ஆயுசுக்கும்."

அண்ணன் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார். இன்று இரண்டு மியூட்டு.

ஜூன் 10, செவ்வாய்

வராந்தா மூலையில் முக்காலி மேல் ஒரு வெள்ளைக் கேன் இருக்கிறது, அடியில் குழாய் வைத்தது. மெஷினில் காய்ச்சி வடித்த தண்ணீர் அதில்தான் சேரும். கழுவிய சாமானுக்கெல்லாம் கடைசி அலசல் அந்தத் தண்ணீரில். முதல் நாளே பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்: "இந்தக் கேனை மட்டும் கழுவப் போகாதே. நம்மகிட்ட இருக்கிறதுலயே சுத்தமான தண்ணி இதுதான். குறையக் குறைய ஊத்து, போதும்."

இன்று குழாயின் மூக்கைத் துடைத்தபோது துணி வழுக்கியது. கையுறை போட்டு விரலை உள்ளே விட்டேன். மீன் முதுகு மாதிரி இருந்தது.

பிரஷ்ஷை எடுத்து மூக்குக்குள் விட்டுத் திருகினேன். ஒன்று, இரண்டு என்று போய்... பதினொன்றில் வழுக்கல் நின்றது.

மறுபடி எண்ணவில்லை. பயமாக இருந்தது.

ஜூன் 11, புதன்

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஐந்து மாதமாக நான் அந்தக் கேனை ஒரு தடவைகூடக் காலி செய்ததில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் செய்திருக்க மாட்டார். தண்ணீர் மேல் தண்ணீர். அந்த முரடன் கேனிலேயே குடியிருக்கிறானோ? நான் கடைசியாக அலசுகிற தண்ணீர் வழியாகத்தான் எல்லா டியூப்பிலும் ஏறுகிறானோ? அப்படியென்றால் நீர்நாய்களைக் கூண்டில் போட்டது நானா? வேலியே பயிரை மேய்கிற கதையில் வேலி நானா?

சொன்னால் அக்காவின் பத்தொன்பது விலங்கும் போச்சு, கூட்டமும் போச்சு. என் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் இரண்டு குட்டிகள் ஆயுசுக்கும் தொட்டியைச் சுற்றும்.

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். "ஒருத்தங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. ஆனா அது தப்புன்னு நமக்குத் தெரியும். சொல்லணுமாப்பா?"

அப்பா பஸ் கண்டக்டர். எல்லாமே பஸ்ஸில்தான் நடக்கும் அவருக்கு. "இதென்ன கேள்வி? தப்பான பஸ்ல ஏறினவன், ஜன்னல் சீட்டு கிடைச்ச சந்தோஷத்துல இருக்கானேன்னு விட்டா, கடைசியில எந்த ஊர்ல போய் நிப்பான்?"

"அவளே இன்னைக்குத்தான் முழுசா நாலு வாக்கியம் பேசியிருக்கா. நடுவுல நீங்க பஸ்ஸை விடாதீங்க" என்றாள் அம்மா. "யாரும்மா அது? என்ன தப்பு?"

"யாருமில்ல" என்று தட்டோடு எழுந்துவிட்டேன்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாம்" என்று அம்மா பின்னாலேயே சொன்னது கேட்டது.

ஜூன் 12, வியாழன்

அக்கா கூட்டத்தில் பேசப்போவதை என் முன்னால் பேசிப் பழகினார். "உன் முன்னாடிதான் பேச முடியும். நீதான் குறுக்கே கேள்வி கேட்க மாட்டே" என்றார். படம் எல்லாம் வரைந்திருக்கிறார். காடு, ஆறு, நரி, ஆந்தை, எல்லாவற்றையும் இணைத்து அம்புக்குறிகள். எவ்வளவு அழகான அம்புகள்! எல்லாம் வராந்தா மூலையைப் பார்த்துத் திரும்ப வேண்டியவை.

"எப்படி இருக்கு?"

தலையாட்டினேன். என் தலையாட்டல் ஆமா என்றும் இருக்கும், இல்லை என்றும் இருக்கும். அக்கா ஆமா என்று எடுத்துக்கொண்டார்.

சீ. என்ன பிறவி நான்.

ஜூன் 13, வெள்ளி

செய்துவிட்டேன்.

காலையில் அண்ணன் ஐந்து பஞ்சுக் குச்சிகளைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்தார். நோட்டில் எண், விலங்கு, எடுத்த இடம் எழுதினார். அவர் டீ குடிக்கப் போனதும் ஒரு புதுக் குச்சியைப் பிரித்து, கேன் குழாயின் உட்பக்கம் ஒற்றி எடுத்து, ஆறாவதாக வைத்தேன். நோட்டில் 58 என்று எழுதினேன். விலங்கு என்ற இடத்தில் என்ன எழுத? பொய் எழுத மனசு வரவில்லை. காலியாக விட்டேன். எடுத்த இடம்: வராந்தா.

அக்கா பார்த்துவிட்டு, "அண்ணன் மறுபடியும் விலங்கை எழுத மறந்துட்டார். வராந்தாவுல என்ன அணிலா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்துப்போனார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

லீவு. 58 அங்கே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் அக்கா ஓடிவந்தார். "அண்ணே! ஐம்பத்தெட்டு என்ன விலங்கு? இதுவரைக்கும் வந்ததுலயே தடிச்ச வளையம் இதுலதான். மருந்துக்கும் அதே நாலு 'போடா'. கூட்டத்துல முதல்ல இதைத்தான் காட்டப்போறேன்!"

"ஐம்பத்தெட்டா? நான் அஞ்சுதான் கொண்டாந்தேன். ஐம்பத்தேழோட சரி."

"நோட்டுல இருக்கே!"

"என் கையெழுத்து இல்ல மேடம் அது. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இது முத்து முத்தா இருக்கு."

அதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். "விலங்கு பேரே இல்லாம ஒரு சாம்பிளா? இதே மாதிரி எத்தனை எழுதியிருக்கே? உன் அஜாக்கிரதையால மொத்த வேலையும் சந்தேகமாயிடும்ப்பா" என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி கையில். அண்ணன் "நான் இல்லை சார், நான் இல்லை சார்" என்று நிற்கிறார். நான் பத்தடி தள்ளி பிரஷ்ஷும் கையுமாக நிற்கிறேன். தொண்டை வரைக்கும் வருது, திரும்பிப் போகுது. வருது, போகுது. ஐயோ, அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே—

"அது கேன்."

நான்தான் சொன்னேன். ஆனால் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

"என்னது?" என்றார் பெரிய டாக்டர்.

"ஐம்பத்தெட்டு விலங்கு இல்ல சார். நான்தான் வச்சேன். தண்ணிக் கேனோட குழாய். எல்லாத்துக்கும் பதினோரு தேய்ப்பு ஆவுது. கேனுக்கும் பதினொண்ணு. நான்தான் அதுல அலசுறேன். நீர்நாய்க்கு ஒண்ணுமில்ல சார். அதுங்க மேல தப்பில்ல."

அப்புறம் அழுகை வந்துவிட்டது, மேலே பேசவில்லை. பேச வேண்டியதும் மிச்சம் இல்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வராந்தாவுக்குப் போய்க் கேன் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். நெடுநேரம் குனிந்தே நின்றார். சுவர் முழுக்கத் தண்ணீர் மட்டம் வரை மெல்லிய சவ்வு. லேசாகப் பச்சை.

"ஒரு மாசமா" என்றார் உள்ளே பார்த்தபடியே, "காட்டோட கதைன்னு நினைச்சு ஒரு கேனோட ஜாதகத்தை எழுதியிருக்கேன்."

சிரித்தாரா, இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் 18, புதன்

கிணறு வெட்டினால் இன்னொரு பூதமும் கிளம்பியது. காலையில் அண்ணன் வேன் சாவியைச் சுற்றிச் சுற்றி, "மேடம், நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

பஞ்சுக் குச்சியை நனைக்க அக்கா அவருக்கு உப்புத் தண்ணீரைக் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்துக் கொடுப்பார். போன மாதம் அந்தப் பாட்டில் வேனில் விழுந்து உடைந்துவிட்டது. திட்டுவார்கள் என்று பயந்து, வேறு பாட்டிலில் கேன் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். அன்றிலிருந்து அதேதான்.

"இதைவிடச் சுத்தமான தண்ணி கிடையாதுன்னு பெரிய டாக்டர்தானே சொன்னார்! அதான் நல்லதுன்னு..."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "வெறும் குச்சியை நனைச்சும் சோதிச்சேனே. ஆனா என்கிட்ட இருந்த காய்ச்சின உப்புத் தண்ணியில நனைச்சேன். உங்க பாட்டிலைக் கேட்கணும்னு தோணலை பாருங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் அலசல்ல தப்பில்ல. அலசினதை நான் சூட்டு அடுப்புல வச்சுத்தானே எடுக்கிறேன், அதுல எந்தக் கிருமியும் பிழைக்காது. பாட்டில் வழியாத்தான் போயிருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு நடுப்பகலிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 19, வியாழன்

அக்கா வரவில்லை.

கோபம்தான். வேற என்ன? ஒரு மாச வேலை. அந்த அம்புக்குறியெல்லாம். என்கிட்ட முன்னாடியே கேட்டிருந்தா... கேட்டாங்களே, "எப்படி இருக்கு"ன்னு. மாடு மாதிரி தலையைத்தானே ஆட்டினேன். அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு பேர் முன்னாடி அவங்களுக்கு இப்படி ஆகியிருக்காது. குச்சி வைக்கத் தெரியுது, வாயைத் திறக்கத் தெரியலை.

இன்றைக்குக் கழுவ எதுவும் இல்லை. இருக்கிற சாமானையே மறுபடி கழுவினேன்.

ஜூன் 20, வெள்ளி

வந்துவிட்டார்! கையில் ஒரு மீட்டர் நீளத்தில் பிரஷ். நேற்று முழுக்க அதைத் தேடிக் கடை கடையாக அலைந்தாராம்.

"கோபமா அக்கா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன்!

"கோபமில்லாம? முதல் நாளே ஏன் சொல்லலைன்னு கோபம். ரெண்டாவது, உனக்குத் தோணினது எனக்குத் தோணலைன்னு பொறாமை. நேத்து ரெண்டையும் வச்சு அழுதேன். இன்னைக்கு வேலை இருக்கு. கையுறையைப் போடு."

கேனைக் கவிழ்த்தோம். வெந்நீர், மருந்து, பிரஷ். எத்தனை தேய்ப்பு என்று அக்கா கேட்டார். நூற்றி நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. அண்ணன் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, "மியூட்டு, இனிமே உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்ல. ஒரு மாசமா வாயை மூடிக்கிட்டிருந்தது நான்" என்றார். சொல்லி முடித்த கையோடு, "மியூட்டு, அந்த வாளியை எடு" என்றார்.

நீர்நாய், நரி, ஆந்தை என்று இங்கே இருக்கிற எல்லாவற்றுக்கும் புதிதாகக் குச்சி எடுத்தாயிற்று, காய்ச்சிய உப்புத் தண்ணீரில். கூடவே யாரையும் தொடாத வெறும் குச்சி ஒன்று, அண்ணனுக்குப் புதிதாக அடைத்துக் கொடுத்த அதே பாட்டிலில் நனைத்து. நீர்நாய் ஒன்று அண்ணனின் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பிடுங்கிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

வெறும் குச்சி: ஒன்றுமே இல்லை.
ஆந்தை: இரண்டு.
நீர்நாய்கள்: இரண்டு, மூன்று. எல்லா மருந்துக்கும் பயந்த சாதாரணக் கிருமி.
நரி: ஏழு.

ஏழா? மறுபடி பார்த்தோம். நரியின் தட்டில் இரண்டு மருந்துக்கு வெற்று இடம் விழவில்லை. இது கேனின் முரடன் இல்லை, நிறமே வேறு. அண்ணனைக் கேட்டால், அந்த நரி கோழிப் பண்ணைக்குப் பின்னாலுள்ள குப்பைக் குழியில் அடிபட்டுக் கிடந்ததாம். பண்ணையில் தீவனத்தோடு என்னவெல்லாம் கலக்கிறார்களோ.

"ஒரே ஒரு நரி" என்றார் அக்கா. முகம் மெல்ல மலர்ந்தது. "ஆனா நிஜ நரி."

பெரிய டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே நீர்நாய்களை ஆற்றில் விடும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 25, புதன்

கூட்டத்திலிருந்து அக்கா போன் செய்தார். கேனைப் பற்றி முழுசாகச் சொல்லிவிட்டாராம், கேனின் படம் உட்பட. முதலில் சிரித்தார்களாம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய் அவரவர் லேப்புக்குப் போன் போட்டார்களாம்.

ஜூன் 27, வெள்ளி

ஆற்றங்கரையில் கூண்டைத் திறந்தோம். இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றி கெட்டதுகள்! தண்ணீரில் இரண்டு கோடு, அப்புறம் ஒன்றுமில்லை. அண்ணன் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார். காற்றே இல்லை.

ஜூலை 4, வெள்ளி

நான்கு தெரு தள்ளி இருக்கும் பெரிய லேப்பிலிருந்து கடிதம் வந்தது. அவர்களுக்கும் இரண்டு மாதமாகப் புரியாத ஒரு கிருமி எல்லாத் தட்டிலும் வருகிறதாம். "உங்கள் கேனைக் கண்டுபிடித்தவரை அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருந்தார்கள். அக்கா என்னைத் தனியாகத்தான் அனுப்பினார். "நான் வந்தா எல்லாரும் என்கிட்டதான் பேசுவாங்க" என்றார்.

பளபளக்கிற இடம். மூன்று மாடி. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். யாரோ பெரிய ஆளை எதிர்பார்த்தார்கள் போல. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்கள். பின்னால் யாரும் இல்லை.

மூலையில் முக்காலி மேல் ஒரு வெள்ளைக் கேன்.

"அது எங்ககிட்ட இருக்கிறதுலயே சுத்தமான தண்ணி" என்றார் அவர்களில் மூத்தவர்.

நான் கையுறையை மாட்டிக்கொண்டு, "கடைசியா எப்பக் கழுவினீங்க?" என்று கேட்டேன்.